ஐந்தாம் எதிரியாக இருந்த கஸ்தூரி

செவ்வாய்க்கிழமை காலை பொன்னேரி நீதிமன்ற வாசலில் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். சேகர் போன் செய்தான். கஸ்தூரியின் தம்பி. "அக்கா, எங்க அக்கா பூடுச்சுக்கா" என்றான். இன்னாடா சொல்ற என்று கேட்டேன். அதையே மறுபடியும் சொன்னான். மூளைக்காய்ச்சல் என்று நான்கு நாளாகச் சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சனிக்கிழமை நான் போனபோது கண் திறக்கவில்லை, திறந்துவிடுவாள் என்று நினைத்தேன். முப்பத்தாறு வயதுக்காரியைப் பற்றி வேறு எப்படி நினைப்பது? அன்று எனக்கு இரண்டு வழக்குகள் இருந்தன. எனக்காக வாய்தா வாங்கியது யார் என்று இன்றுவரை தெரியாது.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். எழுந்து நின்றேன், அழுதேன், உட்கார்ந்துவிட்டேன். அவளோடு இந்த நீதிமன்ற வளாகத்தில் வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரிக்கு நானும் அவளும் ஒரே ரயிலில் போனோம். நான் நெல் விளைகிற ஊர்க்காரி. அவள் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வருவாள். பழகிய இரண்டாம் வாரம், நெல்லிக்காய் தின்றபடி, "நான் அஞ்சாவது எதிரி, தெரியுமா?" என்றாள். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று எழுதுவதுதானே நம் நீதிமன்ற வழக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சிரித்தாள்.

அவள் ஊர் உப்புத் தண்ணீர் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. வழக்குக்கும் அதே முறைதான் வைத்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்தோடு சண்டை வந்து போலீஸ் பெயர் கேட்டால், ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு பெயர் முறைப்படி எழுதிக் கொடுப்பார்கள். அடித்தவன் வேறு, எழுதப்பட்டவன் வேறு என்பதால் சாட்சிகளால் அடையாளம் காட்ட முடியாது. வழக்கு பல வருடம் இழுத்து விடுதலையில் முடியும். அவள் நைனா செத்துப்போயிருந்தார், தம்பி சின்னவன். அந்த வீட்டின் முறை வந்தபோது கல்லூரிக்குப் பணம் கட்டிய கையோடு இவள் பெயரைக் கொடுத்தார்கள். சண்டை நடந்தபோது இவள் பொன்னேரி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

படித்து முடித்தோம். நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டேன். வழக்கு நிலுவையில் இருந்ததால் அவளால் முடியவில்லை. "சும்மா உக்காந்து இன்னா பண்றது" என்று வெளிநாட்டுச் சிறைகளில் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்புக்குத் தன்னார்வலராக விண்ணப்பித்தாள். சம்பளம் இல்லை, அனுபவம் உண்டு. படிவத்தில் உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போடு, எவன் வந்து பழவேற்காட்டில் பார்க்கப் போகிறான் என்றேன். அவள் உண்டு என்று எழுதி, முறை வைத்த கதையை ஒரு பக்கத்துக்கு விளக்கியும் வைத்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் எதிரி குற்றவியல் அனுபவம் பெற வெளிநாடு செல்ல அனுமதி கேட்கும் மனுவை இந்த நீதிமன்றத்தில் போட்டவள் நான்தான். நீதிபதி இரண்டு முறை படித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் ஓர் ஊர். ஏழு மாதம் இருந்தாள். "இவ்ளோ பெரிய ஏரிடி, தண்ணில உப்பே இல்ல. மீனு சப்புனு இருக்குது" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள். பிறகு சிறைக்குள் போக ஆரம்பித்தாள், மீன் பேச்சு நின்றுவிட்டது. திருட்டு வழக்கில் விசாரணையே தொடங்காமல் மூன்று வருடமாக உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு ஜாமீன் மனு எழுதினாள். திருடியது புருஷனின் அண்ணன். சம்பாதிக்கிற ஆள் வெளியே இருக்க வேண்டும் என்று வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை உள்ளேயே பிறந்து உள்ளேயே நடக்கப் பழகியது. கூப்பிடு தூரத்தில் இருந்த ஏரியை அது பார்த்ததில்லை. இதைப் போனில் சொன்னாள். "பேருதானேனு எங்க ஊர்ல சொல்லுவாங்க. பேரத்தான்டி உள்ள வெக்கிறாங்க" என்றாள்.

ஊர் திரும்பிய பின் வழக்கு எல்லோரையும் போல அவளுக்கும் விடுதலையில் முடிந்தது. கறுப்பு அங்கி போட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள்.

ஏரியில் மறுபடி சண்டை. பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவருக்கு, படகு தள்ளுகிற கழியால் பின்னாலிருந்து விழுந்த அடியில் ஒரு கண் போய்விட்டது. அடித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. கஸ்தூரியின் குப்பத்துக்கே தெரியும். சேகர்தான். முறை வந்தது பவுனு என்ற பெண்ணின் வீட்டுக்கு. கையால் தடவி இறால் பிடித்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். பெண்கள் எழுந்து பேசாத ஊர்க்கூட்டத்தில் கஸ்தூரி எழுந்தாள். "அடிச்சது என் தம்பி. அவன் பேரப் போடுங்க. பவுனு பேரப் போட்டா நான் கோர்ட்ல ஏறிச் சொல்லுவேன்" என்றாள். சேகர் தலையைக் குனிந்துகொண்டே, "ஆமா, நான்தான்" என்றான்.

அவனுக்காக ஆஜரானவள் நான். உடைத்திருக்கக்கூடிய வழக்கு அது. அவன் ஒப்புக்கொண்டான், இரண்டு வருடம் தண்டனை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தீர்ப்பு நாளன்று நீதிமன்ற நடையில் அவள் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். கையைப் பிடித்து உட்காரவைத்து, "கொஞ்ச நாள் அவகூடப் பேசாதீங்கம்மா. அப்பத்தான் அவளுக்குப் புத்தி வரும்" என்றேன்.

நான் சொன்னேன். அது உங்கள் யார் காதிலும் விழவில்லை, கஸ்தூரிக்கும் தெரியாது.

மூன்று மாதத்தில் என் கோபம் போய்விட்டது. அவளோடு பழையபடி டீ குடித்தேன், சண்டை போட்டேன். சேகர்கூட அவள்மீது கோபப்படவில்லை. வாராவாரம் சிறைக்கு வந்து பார்த்தாள் என்று இன்றும் சொல்கிறான். அம்மா மட்டும் பேசவில்லை. சோறு போடுவார், துணி மடித்து வைப்பார், வாயைத் திறக்கமாட்டார். மகன் வெளியே வந்த பிறகும் அப்படித்தான். இவள் ஊரை எதிர்த்தவள், தைரியக்காரி என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா ஏன்டி இன்னும் பேச மாட்டேங்குது?" விடுடி, சரியாகிவிடும் என்பேன். பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவிடம், போதும், பேசுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நாள் போதும். மூன்றரை வருடத்தில் அந்த ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா வாய் ஓயாமல் பேசினார். இன்னைக்குக் காலா மீன் வந்துச்சு கண்ணு, பவுனு மவ பெரிய பள்ளிக்கூடம் போவுது கண்ணு, எழுந்து இன்னானு ஒரு வார்த்த கேளு கண்ணு. அவள் கன்னத்தைத் தடவித் தடவிச் சொன்னார். காதில் விழுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா எதிரில் உட்கார்ந்து, பேசாதீங்கன்னு அன்னைக்குச் சொன்னது நான்தானேம்மா, பாவம் எனக்குத்தான், நீங்க மனசு விட்டுடாதீங்க என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொன்ன. இல்லன்னு சொல்லல" என்றார். "பேசாம இருந்தது நான்தானே? அத உன் பேர்ல போட மாட்டேன். அப்பறம் என் பொண்ணு இன்னாத்துக்கு அவ்ளோ கஷ்டப்பட்டா?"

சேகர் வாசலில் நின்று அழுதான். எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: என் பங்குக் குற்றம். அதை யாருடைய முறைக்கும் தள்ளாமல் நானே வைத்துக்கொள்கிறேன்.