உப்புத்தாள் தேய்க்காத கம்பி

பெயிண்டருக்கு உப்புத்தாள் என்று பட்டப்பேர் வைத்ததே அவரிடம் வேலை கொடுத்து நொந்துபோனவர்கள்தான். கேட்டுக்கு ரெண்டு கை பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டால், மனுஷன் முதல் நாள் முழுக்கச் சுரண்டிக்கொண்டே இருப்பார். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். துரு மொத்தமும் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் சிவப்பு பிரைமர் டப்பாவையே திறப்பார். அந்தக் கரகர சத்தத்துக்குத் தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த அக்கா வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? வெளிப்படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகள் அடியில் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தன. அவருக்கோ வேறிடத்தில் பெரிய வேலை காத்திருந்தது. நம்ம வீடுதானே, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று துருவின் மேலேயே பெயிண்டை இழுத்துவிட்டார். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. அக்கா டீ வேறு போட்டுக் கொடுத்தாள், அதையும் கூசாமல் குடித்தார்.

ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. அக்கா பிடித்து இறங்கும்போது கைப்பிடி அடியோடு பெயர்ந்து, அவள் நாலு படி உருண்டு, மணிக்கட்டு முறிந்தது.

விஷயம் கேட்டு அவர் ஓடி வந்தபோது அக்கா மாவுக்கட்டோடு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைப்பிடியைச் செய்த வெல்டரை நிற்கவைத்து மாமா காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒழுங்காக ஒட்டத் தெரியாதவனுக்கு இந்தத் தெருவில் இனி ஒரு வேலை கிடைக்காது என்றார். வெல்டர் ஒடிந்த கம்பியை எடுத்து நகத்தால் கீறினார். பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளேயிருந்து சிவப்புத் தூள் கொட்டியது. பெயிண்டரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மறுபடி ஒட்டித் தருவதாக மாமாவிடம் சொன்னார்.

பெயிண்டர் கூனிக்குறுகிப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்தப் பார்வை விடவில்லை.

"மாமா, அவர விட்டுடுங்க. அன்னிக்கு நான் சுரண்டல. சுரண்டியிருந்தா கம்பி அரிச்சுப்போனது அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பெயிண்டருக்கு அக்காவை நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அவள்தான் மெதுவாகப் பேசினாள்.

"தெரியும்டா. அன்னிக்குச் சுரண்டுற சத்தமே கேக்கல. சும்மா செஞ்சு குடுக்குறவன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

அதற்குப் பதில் அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.