மஞ்சள் பஸ்களும் ஒரு ஹவுஸ்ஃபுல் காட்சியும்

சென்ற புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சினிமா பற்றி எழுதுகிற எனக்கு சுதன் போன் எடுத்தான். மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு தியேட்டருக்கு அவன்தான் மனேஜர்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? உடனை வெளிக்கிட்டு எங்கடை பார்க்கிங் லொட்டுக்கு வாங்கோ!"

"என்னடா, அக்ஸிடென்ரோ?"

"இல்லையண்ணை... வந்து பாருங்கோவன்."

போனேன். ஒரே மஞ்சள்! வாசல் தொடங்கி வேலி வரைக்கும் ஸ்கூல் பஸ்கள் நின்றன. பிள்ளைகள் ஒருவரும் இல்லை. டிரைவர்கள் எல்லாரும் உள்ளே டிக்கெட் வரிசையில் — தமிழர், பஞ்சாபிகள், கயானாக்காரர், பிலிப்பினோப் பெண்கள்.

எந்தப் படத்துக்கு? ஒரு ஹிந்திப் படத்துக்கு. அதுவும் பெரிய நடிகர் ஒருவரும் இல்லாத ஸ்போர்ட்ஸ் படம். லோண்டரியில் வேலை செய்யும், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி மரதன் ஓடப் பழகுகிறாள். அவ்வளவுதான் கதை.

படம் வந்த வெள்ளிக்கிழமையே சுதன் தலையில் கைவைத்துவிட்டான். சனி, ஞாயிறுகூட ஒரு காட்சிக்கு நாலைந்து பேர்தான். வியாழனோடு தூக்கிவிடுவது என்று முடிவு. ஆள் வராத படத்தை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

அடுத்து வந்த செவ்வாய், அதாவது நான் போவதற்கு எட்டு நாள் முந்தி, மதியக் காட்சிக்கு ஒரே ஒரு டிக்கெட் விற்றது. வாங்கியவர் தங்கேஸ்வரி அக்கா. மட்டக்களப்புக்காரர், அறுபது வயது, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கினால் பின்னேரம் ஏற்றும்வரை அவருக்கு வேலை இல்லை.

இதோ, அவரே வரிசையில் நிற்கிறார். போய்க் கேட்டேன்.

"அக்காவுக்கு ஹிந்தி தெரியுமோ?"

"ஒரு சொல்லும் தெரியா மனே. அண்டைக்குச் சரியான குளிர். பஸ்ஸுக்குள்ள இருக்க ஏலாது. இதுக்குள்ள ஹீட்டர் இரிக்குதானே... செவ்வாய்க்கிழமை டிக்கட்டும் மலிவு. நித்திரை கொள்ளத்தான் போனன்."

"பிறகு?"

"நித்திரை வரல்ல. படத்துல அந்தப் பிள்ள கடைசியா ஓடி வருது மனே. பார்க்க வந்த சனமெல்லாம் வீட்ட போயிற்று. கதிரையெல்லாம் மடக்குறாங்க. அது தனிய ஓடி வருது... நான் எழும்பி நிண்டு கை தட்டினன். திரும்பிப் பார்த்தா, அவ்வளவு பெரிய ஹோலுக்குள்ள நான் ஒராள்தான். மனசு ஒரு மாதிரியாப் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சப் பேர் தட்டினா என்ன எண்டு நினைச்சன்."

நினைத்ததோடு நிற்கவில்லை. அன்று பின்னேரமே பஸ் யார்டில் ஒவ்வொருவரிடமும் போயிருக்கிறார். அக்காவின் இங்கிலிஷ் மூன்றே வசனம். "குட் மூவி. லேடி ரன்னிங். யூ கம்."

அடுத்த நாள் ஒன்பது பேரோடு வந்து நின்றார். வியாழன் முப்பது பேர்! சுதன் மனம் மாறி, மதியக் காட்சியை மட்டும் இன்னொரு கிழமைக்கு நீட்டினான். வந்தவர்கள் மற்ற யார்டுகளில் இருந்த கூட்டாளிகளுக்குச் சொல்ல... நான் போன அந்தப் புதன் சின்ன ஹோல் போதவில்லை. பெரிய ஹோலுக்கு மாற்றினான். அதுவும் நிரம்பிவிட்டது.

எனக்குக் கிடைத்தது முன்வரிசை. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். படத்தில் பேசுவதை எல்லாம் எனக்காக இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிப் படத்தில் நிறுத்திவிட்டார். அதற்குமேல் எனக்கும் தேவைப்படவில்லை.

கடைசிக் காட்சி. அவள் மைதானத்துக்குள் வருகிறாள். இசை இல்லை. சப்பாத்துச் சத்தமும் மூச்சும் மட்டும். பின்வரிசையில் யாரோ எழும்பினார்கள். பிறகு ஹோல் முழுவதும் எழும்பியது. பஸ் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அத்தனை கைகளும் தட்டத் தொடங்கின. பெரியவர் தாடி நனைய அழுதார். விசிலும் பேப்பர் மழையுமாக எத்தனையோ முதல்நாள் காட்சிகள் பார்த்தவன் நான். இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. அதைக் கேட்டுத்தான் அவள் கடைசி அடிகளை எடுத்து வைத்தாள் என்று சத்தியம் பண்ணுவேன்!

தங்கேஸ்வரி அக்காவைத் தேடினேன். அவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டுகிறவர்களின் முகங்களைப் பார்த்தபடி நின்றார்.

டிரெய்லர், பேட்டி, விமான நிலைய வரவேற்பு... ஒரு படம் ஓட இதெல்லாம் வேண்டும் என்றல்லவா நம்பியிருந்தேன்? ஒரு மனுஷிக்கு மனம் பொறுக்காமல் போனாலே போதும் போலிருக்கிறது.

திரையில் பெயர்கள் ஓடி முடியுமுன்பே எல்லாரும் வெளிக்கிட்டார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

நேற்று சுதன் மறுபடியும் போன் எடுத்தான். மற்ற தியேட்டர்களில் எல்லாம் தூக்கிய படம், அவனிடம் மூன்றாவது கிழமைக்குப் போகிறதாம். தலைமை அலுவலகத்தில் ஆச்சரியப்பட்டு, விளம்பர வேலைக்கு எத்தனை பேரைப் போட்டாய் என்று ஈமெயிலில் கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னனி?"

"ஒராள் எண்டு எழுதினனான் அண்ணை. பார்ட் டைம் எண்டும் போட்டனான்."