ரத்தோட்டைக்கு மேலே ஒரு காக்காப்பொன் சுரங்கம்

காலை 6.15. மாத்தளையில் பஸ் ஏறினேன். ரத்தோட்டைக்கு ஏழெட்டு மைல், முப்பத்தைந்து சதம். பஸ்களைத் தனியாரிடமிருந்து அரசாங்கம் எடுத்து இரண்டு வருஷமாகியும் ஒரு கண்ணாடிகூடச் சரியாக மூடவில்லை. சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு என்ன ஆபத்து, என்ன நோய் என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம். அதற்கான படிவம் பையில் கிடந்தது.

ரத்தோட்டையில் சுரங்கத்து லொறி காத்திருந்தது. டிரைவர் காசிம் நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மப்ளர் இல்லாம வந்திருக்கீங்களே ஐயா. மேல காத்து ஆளையே தூக்கிடும்."

பொய்யில்லை. தை மாதக் குளிரில் பத்தாவது வளைவிலேயே விரல்கள் மரத்துப்போயின.

9.30. காக்காப்பொன், அதாவது மைக்கா, எடுக்கும் சுரங்கம் என்றால் மலையில் குடைந்த ஒரு பொந்து, அவ்வளவுதான். வாசலில் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். குளிர்காற்று வராமலிருக்க வேலையாட்களே செய்த ஏற்பாடாம். விலக்கிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே கதகதப்புதான். ஆனால் லாம்பு வெளிச்சத்தில் கல்தூசி போக வழியில்லாமல் அப்படியே நின்றது. பத்து நிமிஷத்தில் எனக்கே இருமல் பிடித்துக்கொண்டது.

கல்லில் துளை போடும் சின்னையாவுக்குப் பேசவே மூச்சு வாங்கியது. நாற்பது வயதுகூட இருக்காது.

"எத்தனை நாளா இருமல்?"

"போன வருஷப் பனியில புடிச்சதுங்கய்யா."

"பனி போன பிறகும் நிக்கலையா?"

பதிலாக இருமல்தான் வந்தது. வெளியே கூட்டிவந்து படிவத்தை விரித்தேன். நோய்க்குக் காரணம் என்ற இடத்தில் தூசி என்று எழுதப்போனபோது என் முழங்கையைத் தொட்டார்.

"பனின்னே எழுதிடுங்கய்யா. தூசின்னா, இவன் இனி வேலைக்கு ஆகமாட்டான்னு பேரை வெட்டிடுவாங்க. பேரு போனா குடியிருக்கிற லயக் காம்பராவும் போயிடும். நாலு புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்?"

எனக்கு இளகிய மனசு என்று வீட்டில் சொல்வார்கள். கோழைத்தனத்துக்கு அது மரியாதையான பேர். பனி என்றே எழுதினேன். அவர் கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

12.40. லொறி புறப்படுமுன், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியிடம் படிவத்தின் நகலைக் கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நாங்களும் பனின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். வாசல்ல இன்னொரு அடுக்கு சாக்குக் கட்டச் சொல்றேன் ஐயா. இனிப் பொட்டுக் காத்து உள்ள போகாது."

வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் சின்னையா பேர் போகும். லொறியில் ஏறிக்கொண்டேன்.

லொறி திரும்புவதற்குள் பார்த்தேன். சின்னையாதான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, இருமிக்கொண்டே, இரண்டாவது சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதை இரண்டு முறை பிடுங்கியது. மூன்றாம் முறை முடிச்சு இறுகிவிட்டது.