பஃபலோ தொகுதிக்கு ஒரு கடிதம்

1996 தை மாதம் கனடாவின் மில்லிக்கனில் இருந்த யோகமலர் ஒரு கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். சமூகசேவை டிப்ளோமாவுக்கு இன்னும் ஒரு பாடம் தேவைப்பட்டது. கனடிய அரசியல் வகுப்பில் இடம் முடிந்துவிட்டது. எஞ்சியிருந்தது அமெரிக்க அரசாங்கம் பற்றிய அறிமுகப் பாடம் மட்டுமே. கிழமை நாள்களில் அவர் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர்.

அமெரிக்கா என்றதும் அவருக்குத் தம்பி நவரட்ணத்தின் முகம்தான் நினைவில் வந்தது. கனடாவுக்கு வரும் வழியில் பிடிபட்டு, அமெரிக்க எல்லை நகரமான பஃபலோவுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு முகாமில் ஏழு மாதமாகக் கிடந்தான். அகதி விசாரணைக்குத் திகதிகூட வரவில்லை. யோகமலர் அமெரிக்க ஜனாதிபதிக்கே மூன்று கடிதம் போட்டிருந்தார். பதில் இல்லை.

பாடம் நடத்தியவர் உமாபதி, மதுரைக்காரர். மூன்றாவது வகுப்பில் பிரதிநிதிகள் சபை பற்றிச் சொன்னார். அதன் உறுப்பினர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தலில் நிற்க வேண்டும். அதனால் தொகுதி மக்களின் குறைகளை விசாரிக்கவே அலுவலகத்தில் தனி ஆட்களை வைத்திருப்பார்கள். எழுதிக்கொண்டிருந்த யோகமலர் நிமிர்ந்து பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் உமாபதியிடம் போய்த் தம்பியின் கதையைச் சொன்னார். "நான் பிழையான ஆளுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறன் போல, சேர்."

கோட்டை மாட்டிக்கொண்டிருந்த உமாபதி மறுபடி உட்கார்ந்தார். "இப்பவும் நீங்க எழுதினா பிரயோஜனம் கம்மிங்க. உங்களுக்கு அங்க ஓட்டு இல்லை. பஃபலோவுல ஓட்டு இருக்கிறவங்க யாரையாவது தெரியுமா?"

"ஓம். என்னோட படிச்ச பேர்ணடெற் அங்க நேர்ஸ். சிற்றிசன் எடுத்திட்டா."

"அப்போ அவங்க எழுதட்டும். தம்பி சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இப்படித் தீர்ப்புக் குடுன்னு நீதிபதிகிட்ட அந்த உறுப்பினர் சொல்ல முடியாது. தேதி ஏன் வரலைன்னு மட்டும்தான் கேக்கலாம்."

"அதைக் கேட்டாலே காணும், சேர்."

அன்று பின்னேரமே பேர்ணடெற்றும் யோகமலரும் தொலைபேசியில் கடிதத்தை வசனம் வசனமாக எழுதினார்கள். பேர்ணடெற் முகாமுக்குப் போய் நவரட்ணத்திடம் கையெழுத்து வாங்கி, தொகுதி அலுவலகத்தில் தன் கையாலேயே கொடுத்தாள். நாலாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் அவளைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டாள். ஐந்தாம் வாரம் விசாரணைத் திகதி வந்தது.

சித்திரையில் யோகமலர் பரீட்சை எழுதினார். அதிகாரப் பிரிவினை பற்றிய கேள்விக்கு மட்டும் ஆறு பக்கம் போயிற்று.

விசாரணை வைகாசியில் நடந்தது. யோகமலர் லீவு போட்டுவிட்டு வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். இரண்டு மணிக்கு மணி அடித்தது.

"அக்கா, ஜட்ஜ் ஓம் எண்டிட்டார். நான் இப்ப பேர்ணடெற் அக்கா வீட்டில," என்றான் நவரட்ணம்.

யோகமலர், "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

"இல்லை. இடியப்பம் அவியுது. சாப்பிட்டிட்டுப் பிறகு கோல் எடுக்கிறன்."