வலிப்பு இல்லை, இழுப்பு!

போன வருஷம் கோடையில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் நடந்தது இது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேன், லாரிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஈரப் பெயின்ட்டில் தூசி படியக் கூடாதென்று ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாயைத் தொங்கவிட்டு மூடிவிடுவோம். மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

சில மாதங்களாகவே வீட்டுக்குப் போனபின் இருமல் பிடித்துக்கொள்ளும். நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாததால் பெயின்ட் மேல் சந்தேகமே வரவில்லை. சளி என்று நினைத்து இருமல் டானிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பகலில் ஒரு வேனுக்கு முழுசாகப் பெயின்ட் அடித்தேன். சாயங்காலம் பஸ் ஏறும்போதே நெஞ்சு இறுகியது. டவுனைத் தாண்டி, இரண்டு பக்கமும் கருவேலங்காடு தொடங்கியதும், உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைக்குக்கூடக் காற்று இல்லை. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் விரல் நகங்கள் நீலமாவதை நானே பார்த்தேன். மனைவி அப்போது நிறைமாதம். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேன் என்று நினைத்தேன்.

“வலிப்பு வந்திருச்சுப்பா, கீழ படுக்க வைங்க” என்று யாரோ கத்தினார். ஒருவர் இரும்புச் சாவியை என் கையில் திணித்தார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துச் சாய்த்தார்கள். சாய்ந்ததும் மிச்சமிருந்த மூச்சும் அடைத்தது.

“படுக்க வைக்காதீக! இது வலிப்பு இல்ல, மூச்சு இழுப்பு!”

முன் சீட்டிலிருந்து ஒரு அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். பஞ்சு மில்லில் வேலை முடிந்து வருகிறவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

“தம்பி, பயப்படாதீக. மூச்ச வெளிய விடுங்க. இப்ப அமுக்குறேன், மெல்ல உள்ள இழுங்க.”

முதல் தடவை இழுக்கவே முடியவில்லை. அவர் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நூல் மாதிரி காற்று உள்ளே போனது. டிரைவர் ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் நேராகத் திருச்சுழி அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தன் ஊரைத் தாண்டி வந்துவிட்ட அந்த அக்கா, என் மனைவி வரும்வரை கூடவே இருந்தார்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்து மூச்சு திரும்பியதும், டாக்டர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

“லீவு நாள்ல எப்படி இருக்கு?”

யோசித்தேன். பொங்கலுக்கு மாமியார் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு இருமல்கூட இல்லை.

“பெயின்ட்தான் உங்களுக்கு எதிரி. மறுபடி அந்த ஷெட்டுக்குள்ள போனீங்கன்னா உயிருக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது” என்றார்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது அருப்புக்கோட்டையிலேயே பால் வண்டி ஓட்டுகிறேன், சாயங்காலம் அதே பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறேன். மகள் பிறந்தபின் அந்த பஸ்ஸில் அக்காவைப் பார்த்து, டாக்டர் சொன்னதையும் வேலையை விட்டதையும் சொன்னேன். “அக்கா, நீங்களும் மில்லு வேலைய விட்டுருங்க” என்றேன்.

“எனக்கும் டாக்டரு அதத்தான் சொன்னாரு தம்பி. நீங்க வண்டி ஓட்டுவீக. எனக்குப் பஞ்ச விட்டா என்ன தெரியும்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சோறு போடும் வேலையே ஆளின் மூச்சைக் குடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, சாயங்கால பஸ்ஸில் அந்த அக்கா ஏறும்வரை என் கண் படிக்கட்டைவிட்டு நகர்வதில்லை.