பிளேயருக்கு ஒரு பாய்

காலையில் உளுந்து களைந்துகொண்டிருந்தபோது போன் அடுத்தடுத்துக் கூவியது. மெல்போர்னிலிருந்து அண்ணன் மகள் நாலு படம் அனுப்பியிருந்தாள். நாலும் வட்டம், நடுவில் ஓட்டை. இது என்னடா உளுந்த வடையா என்று கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தால், ரெக்கார்டு பிளேயரில் சுற்றுகிற தட்டின் மேல் விரிக்கிற மேட். ரப்பரில் ஒன்று, கம்பளியில் ஒன்று, தோலில் ஒன்று, கார்க்கில் ஒன்று. பழைய பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறாளாம், மேட் இல்லாமல் வந்ததாம். "அத்தை, அப்பா ஊர்ல வச்சிருந்த பிளேயர்ல எது இருந்துச்சு? அதே மாதிரி போடணும்னு ஆசை" என்று குரல் பதிவில் சொல்லியிருந்தாள்.

அண்ணன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாயங்காலம் கூப்பிடு கண்ணு என்று பதில் போட்டுவிட்டேன். அதற்குள் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கு மாவு அரைபடாது.

எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குக் கிழக்கே. கேசட் வந்து ஊரையே பிடித்துக்கொண்ட சமயம், மாயவரத்தில் கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிற ஒருவர் தன் பழைய பிளேயரை ஓரங்கட்டியிருந்தார். அண்ணன் அதை வாங்கி, பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. நாற்று பறிக்கிற நேரத்தில் இவனுக்குத் தட்டு சுத்தணும் என்பார். சொல்லிவிட்டு, நாதஸ்வரத் தட்டு ஓடினால் மட்டும் வயலுக்குக் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும்.

வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் முளைத்த காலம் அது. குறுவை போட முடியாமல் போன ஒரு வருஷம், "தண்ணிய நம்பி எத்தனை நாளைக்குப்பா உக்காந்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அண்ணன் சிங்கப்பூருக்கு ஏஜென்டைப் பிடித்தான். காவிரியையும் தன்னையும் சேர்த்து வைததாக எடுத்துக்கொண்டார் அப்பா. கிளம்புகிற அன்று அவன் காலில் விழ வந்தபோது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாகப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் பேசுவான், அம்மாவும் நானும் ஓடுவோம். அப்பா எப்படிம்மா இருக்காரு என்பான். இருக்காருப்பா என்பாள் அம்மா. அப்பனுக்கும் பிள்ளைக்கும் அவ்வளவுதான் போக்குவரத்து.

அப்படியே வருஷங்கள் ஓடி, ஒரு மார்கழியில், பொங்கலுக்கு வருகிறேன் என்றான். அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். வந்தும் பேசாமலே திரும்பிவிட்டால் அப்புறம் இந்த வாசலை அவன் மிதிக்கவே மாட்டான் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இதில் அவன் போனை வைக்குமுன், பிளேயர் மேட் பத்திரமா இருக்கா என்று வேறு கேட்டுத் தொலைத்தான்.

அது எங்கே இருந்தது தெரியுமா? மிக்ஸிக்கு அடியில். எங்கள் மிக்ஸி ஓடும்போது தானே நடக்கும். ஒரு நாள் மேடை விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தது. அம்மா அதன் காலடியில் அந்த ரப்பர் மேட்டைப் போட, அடங்கி நின்றது. ஆனால் எண்ணெய் குடித்து, உப்பி, பூண்டு நாற்றத்தோடு ரப்பர் பிசுபிசுத்துப் போனது. இன்றைக்கும் பூண்டுச் சட்னி அரைத்தால் எனக்கு நாதஸ்வரம் கேட்கிறது, என்ன செய்ய!

இருக்குப்பா என்று பூத்தில் கூசாமல் புளுகிவிட்டு வந்த அம்மா, அப்பா காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னாள். "புள்ள மேட்டு கேட்டான்டி. அவன் வர்றதுக்குள்ள எங்கயாவது ஒண்ணு வாங்கிடணும்." அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் உரக்கடைக்கு என்று கும்பகோணம் போனவர், சைக்கிளில் ஒரு பெரிய கோரைப்பாயைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சிவப்புக் கரை, ரெண்டு பேர் உருண்டு படுக்கலாம். யாருக்குங்க இது என்று அம்மா கேட்டாள். "அவன்தான் கேட்டானாமே. மேட்டுன்னா பாய்தானே? எட்டாவது வரைக்கும் சும்மாவா படிச்சேன்?" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவளும் சிரிக்கிறாள் என்று பின்னாடியே போனால், அழுதுகொண்டிருந்தாள். பெயரைக்கூடச் சொல்லாத மனுஷன், பிள்ளை படுக்கப் பாய் வாங்கி வந்திருக்கிறாரே.

பிளேயரைத் திறந்து காட்டி, மேட் என்றால் இது என்று அப்பாவுக்கு விளக்கினேன். ஓகோ என்றார். முகம் சுண்டிவிட்டது. அப்புறம் நான் பண்ணிய ஆராய்ச்சி கொஞ்சமா! பழைய வெல்வெட் பாவாடையை வெட்டிப் போட்டால், ரெக்கார்டை எடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டால் படியவே இல்லை. காலண்டர் அட்டை வழுக்கி, தட்டு மட்டும் சுற்ற ரெக்கார்டு நின்ற இடத்தில் நின்றது. வழுக்குது பாரு என்று அப்பா தள்ளி நின்றே சொன்னார்.

ஒரு மத்தியானம் அவரே புதுப் பாயை விரித்தார். அதன்மேல் ஒரு ரெக்கார்டை வைத்துக் கரித்துண்டால் சுற்றிவர வரைந்தார். கத்தரிக்கோலை எடுத்ததும், நடுவுல போயி வெட்டுறீங்களே, புதுப் பாயிங்க என்று அம்மா பதறினாள். ஓரத்துக் கோரை முறிஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டு நறுக்கியே விட்டார். நுனி பிரியாமலிருக்க அம்மா ஓரம் கட்டித் தைத்தாள்.

அண்ணன் வந்தான். பொங்கல் பொங்கி முடிந்தும் ரெண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. இவன் கூடத்துக்கு வந்தால் அவர் கொல்லைக்குப் போவார். மாட்டுப் பொங்கலன்று காலை பிளேயரைத் திறந்து நாதஸ்வரத் தட்டைப் போட்டான். கோரை மேடுபள்ளத்தில் ரெக்கார்டு ஆடியதில், வித்வான் படகில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ரெக்கார்டைத் தூக்கிப் பார்த்தவன், கோரையின் தைத்த ஓரத்தை விரலால் தடவினான்.

"யாரும்மா இது செஞ்சது?"

அம்மா மோவாயால் கொல்லைப் பக்கம் காட்டினாள். அங்கே மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார்.

"வட்டம் சரியா வரல."

"நல்லா சுத்துதுப்பா" என்றான் அண்ணன். போய் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றி ரெண்டு பேரும் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

அவன் திரும்பிப் போகும்போது அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். அப்புறம் பிளேயரைத் திறந்தால் மேட்டைக் காணோம். எலி இழுத்துட்டுப் போயிருக்கும் என்றாள் அம்மா.

"பாஸ்போர்ட் எடுத்த எலி" என்றார் அப்பா. அன்று முழுக்க அவருக்கு வாயெல்லாம் பல்.

நடுவில் வட்டம் போன அந்தப் பாயில்தான் கடைசிவரை படுத்தார். வேறு பாய் வாங்க விடவில்லை. அவர் போனபோது பாயும் கூடவே போய்விட்டது. பிளேயர் கரையான் அரித்துப் போனது. எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் வயலில் பாதி மனைக்கட்டு.

இதோ, சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலமாகி, அண்ணன் மகள் வீடியோவில் வந்துவிட்டாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் கேட்டேன். "உங்கப்பா சாமான்ல கோரைப்பாய்த் துண்டு ஒண்ணு இருந்துச்சா கண்ணு? வட்டமா, நடுவுல ஓட்டையோட?"

"இருந்துச்சு அத்தை. ஓரமெல்லாம் பிஞ்சுபோயி. சட்டி வைக்கிறதுன்னு நெனச்சு, சிங்கப்பூர் வீட்டக் காலி பண்றப்ப தூக்கிப் போட்டுட்டோம். ஏன் அத்தை, முக்கியமானதா?"

அச்சு அசல் அண்ணன் கண். அவளுக்குப் பின்னால் மேட் இல்லாத பிளேயர் தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. கார்க்கே வாங்கு. அதுதான் கலர் ஒத்து வருது" என்றேன்.