பல்லில்லாத ஐந்து மாலுமிகள்

"தலையைக் கொஞ்சம் காட்டுங்க தாத்தா, காதுல பாசி புடிச்சிருக்கு" என்று அதட்டியபடி வெர்னா ட்ரெஸ்காட் கல்லறைக் கல்லின் இடது ஓரத்தைத் தேய்க்கிறார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. கையில் மென்மையான தூரிகை, காலடியில் ஒரு வாளித் தண்ணீர், உடம்பில் தபால் நிலையத்தில் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. சட்டையில் இருக்கும் பெயர்ப்பட்டையை இன்னும் கழற்றவில்லை. கேட்டால், "செத்தவங்களுக்கு நான் யாருன்னு தெரிய வேணாமா?" என்பார்.

அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர் கேப்டன் ஜாப் ட்ரெஸ்காட். இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து மரக்கப்பல் ஓட்டி வந்து, எங்கள் குவிம்பித் துறையில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டவர். அமெரிக்காவின் இந்த மெயின் மாநிலக் கடற்கரையில் தடுக்கி விழுந்தால் ஒரு கேப்டனின் கல்லறையில்தான் விழ வேண்டும். ஆனாலும் வெர்னாவுக்கு அவருடைய முப்பாட்டனின் அப்பாதான் கேப்டன், மற்றவர்கள் எல்லாம் படகோட்டிகள். தேய்த்து முடித்ததும் குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். பிறகு வாளியில் மிச்சமிருக்கும் கலங்கல் தண்ணீரைப் பக்கத்திலிருக்கும் முழங்கால் உயரக் கல்லின் மேல் ஊற்றிவிட்டுக் கிளம்புவார். அந்தக் குட்டைக் கல்லில் "மெஹிட்டபல், மேற்படியாரின் மனைவி" என்று மட்டும் இருக்கும்.

வெர்னாவிடம் நலம் விசாரிப்பு என்றால் அது இறந்தவர்கள் வழியாகத்தான் வரும். கடையில் பால் வாங்க நிற்கும்போது தோளைத் தட்டி, "உங்க கொள்ளுத்தாத்தா எதுல போனாரு?" என்று கேட்பார். ஊருக்குப் புதிதாக வந்த பல் மருத்துவர் இந்தக் கேள்வியை மிரட்டல் என்று நினைத்துப் பால் புட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு எதிர்வீடு, இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் பெயரை இன்றைக்கும் மாற்றித்தான் சொல்வார். ஆனால் என் கணவரின் பெரிய பாட்டனார் எந்த வருடம், எந்தக் காய்ச்சலில் போனார் என்பது அவருக்கு அத்துப்படி.

ஊர்க் குடும்பங்களின் பிறப்பு விவரங்கள் அவர் வீட்டில் பிஸ்கட் தகரங்களில் இருக்கின்றன. கல்யாணங்கள் தொப்பிப் பெட்டியில். இறப்புகள் மட்டும் உறைபெட்டியில், மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவில். "வீடு பத்திக்கிட்டா அதுதான் கடைசியா எரியும்" என்று விளக்கம் வேறு. ஒருமுறை எனக்கு ஐஸ்கிரீம் எடுத்து வைக்கிறேன் என்று போனவர், ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளின் சாவுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஸ்பூனோடு.

இத்தனைக்கும் மணிமுடி கேப்டனின் பயணக் குறிப்பேடு. வெர்னாவின் வழியில் வந்த சொத்து அது. முதல் பக்கத்தை எலி தின்றுவிட்டதால் வருடம் தெரியாது. "முதல் நாள், இரண்டாம் நாள்" என்று 3,204 நாட்கள் வரிசையாகப் போகும். காற்று எந்தத் திசை, மழையா வெயிலா, மாலுமிகள் எப்படி இருக்கிறார்கள் என்று நாளுக்கு இரண்டு மூன்று வரி. ஒவ்வொரு நாளும் கடைசி வரி ஒன்றேதான்: "நங்கூரம் பிடித்திருக்கிறது." வெர்னா அதை ஒரு ஜெபம் என்று நினைத்திருந்தார்.

நாற்பது வருடமாக அந்தக் குறிப்பேட்டை வைத்து, சாப்பாட்டறைச் சுவரில் உலகப் படம் மாட்டி, குண்டூசி குத்திக்கொண்டே வந்தார். "ஐந்து மாதம் பனியில் சிக்கிக் கிடந்தோம்" என்ற இடத்தில் தென்துருவம் பக்கம் ஓர் ஊசி. "அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்தார்கள், வெல்லப்பாகு வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனார்கள்" என்ற இடத்தில் பசிபிக் தீவு ஒன்றில் ஓர் ஊசி. "வெள்ளை மிருகம் எதிர்ப்பட்டது, துரத்தினோம், துணை மாலுமியைத் தள்ளிவிட்டு ஓடியது" என்ற இடத்தில் திமிங்கிலம். "காலைக் கஞ்சியை மறுத்து மாலுமிகள் கலகம் செய்தார்கள், மூவரைப் பட்டினி போட்டு அடக்கினேன்" என்ற இடத்தில் சிவப்பு ஊசி. கேப்டன் கல்யாணத்துக்கு முன்பு, வாலிபத்தில் போன பயணம் என்பது வெர்னாவின் கணக்கு.

ஆகஸ்டில் நடக்கும் ட்ரெஸ்காட் குடும்பக் கூடுகைக்கு நூற்று நாற்பது பேர் வருவார்கள். கேப்டனுக்குப் பிள்ளைகள் ஆறு. எந்தப் பிள்ளையின் வழி என்று காட்ட ஆளுக்கொரு நிற ரிப்பன் சட்டையில் குத்திக்கொள்வார்கள். போன வருடம் படகுத்துறையில் கேப்டனுக்கு ஒரு கல் வைப்பதென்று முடிவானது. வாசகத்தை வெர்னா சொல்ல, நான்தான் தட்டச்சு செய்தேன்: "ஒன்பது ஆண்டுகள் பசிபிக்கை அளந்தவர், கலகத்தை அடக்கியவர், பல்லில்லாத முதிய மாலுமிகளுக்குப் புகலிடம் தந்தவர்." அந்தக் கடைசிப் புகழுரை எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. ஆனால் குறிப்பேட்டில் ஐந்து இடங்களில் பல்லில்லாத மாலுமி வந்து ஏறுகிறான். எழுதியிருப்பதை நான் எப்படி மறுப்பது?

கல் வெட்டிய பிறகுதான் ஒரு ஞானோதயம் வந்தது, கேப்டனின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது என்று. அதுவும் அவர் பிள்ளைகள் பிறந்த தேதிகளும் குடும்ப பைபிளில் மட்டும்தான் இருக்கின்றன. பைபிள் இருப்பதோ லைமன் வீட்டில். லைமன் ட்ரெஸ்காட் சிங்கி இறால் பிடிப்பவர், வெர்னாவுக்குத் தம்பி முறை. ஒரு சுவர்க் கடிகாரத்துக்காக அப்பாக்கள் போட்ட சண்டையில் அந்த பைபிள் நாற்பது வருடம் இந்தப் பக்கம் வரவே இல்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை, துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

"தொடாதக்கா, நானே திருப்புறேன்."

"உங்கப்பன் எங்க கடிகாரத்தத் தூக்கிட்டுப் போறப்பவும் இதையேதான் சொன்னான், தொடாதன்னு."

உள் அட்டையில் கேப்டனின் கையெழுத்து. "1838 மே 9. இன்று புதிய குறிப்பேடு தொடங்கினேன்." வெர்னா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நாற்பது வருடம் தேடிய வருடம்! 3,204 நாட்களைக் கூட்டி, 1847 பிப்ரவரியில் பயணம் முடிந்ததென்று சொல்லி, லைமனின் கன்னத்தைக் கிள்ளினார். லைமன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது பிள்ளைகள் பிறந்த பக்கம். மூத்தவள் புரூடன்ஸ், 1837. லைமன் விரல் வைத்து மெதுவாகப் படிப்பவர். விரல் கீழே போகப் போக அவர் முகம் வெளிறியது.

"அக்கா, தாத்தா எப்ப கடலுக்குப் போனாரு?"

"முப்பத்தெட்டு."

"எப்ப திரும்புனாரு?"

"நாப்பத்தேழுன்னு இப்பதானடா சொன்னேன்."

"அப்ப நாப்பதுல ஒண்ணு, நாப்பத்தொண்ணுல ஒண்ணு, நாப்பத்துமூணு, நாப்பத்துநாலு, நாப்பத்தாறு... இந்த அஞ்சும் எப்படிக்கா?"

அடுப்பில் பீன்ஸ் பானை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. "போச்சு," என்றார் லைமன், "நம்ம மானம் கப்பலேறிடுச்சு."

லைமன் வாயில் ரகசியம் தங்காது. மத்தியானத்துக்குள் படகுத்துறை முழுக்கப் பரவிவிட்டது. பச்சை ரிப்பன், மஞ்சள் ரிப்பன் எல்லாம் அந்தரத்தில் தொங்க, மூத்தவள் வழியின் வெள்ளை ரிப்பன் மட்டும் சுத்தம். அந்த வழியில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்: எண்பத்து நான்கு வயது ஹோரஸ் பிளைஸ்டெல். கூடுகைக்கு புளூபெர்ரி பை என்ற பழப் பலகாரத்துக்காக மட்டுமே வருகிறவர். அவர் மறுநாளே கடை வாசலில் தொப்பியைத் தூக்கி, "என்ன வெர்னா, சௌக்கியமா? யார் வீட்டுப் புள்ளையோ, பாவம்" என்றார். கூடுகையில் தலைமை நாற்காலி தனக்கே என்று சொல்லியும் விட்டார்.

வெர்னா இரண்டு செவ்வாய்க்கிழமை கல்லறைப் பக்கம் போகவில்லை. நான் சூப் கொண்டுபோனேன். உலகப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு என்ன ரிப்பன்னு நான் கவலப்படலம்மா. அந்தப் பொம்பள ஆறு பெத்து வளத்தவ. அவ பேரக்கூட ஒழுங்கா கல்லுல போடல. இத்தனை வருஷம் கழிச்சு அவளைக் கடைத்தெருவுல வச்சுச் சிரிக்கிறானுங்க. யாரால? என்னாலதான். அவரைக் கடலுக்கு அனுப்புனது நானு. குண்டூசி குண்டூசியா."

சூப் ஆறிப்போனது.

மூன்றாம் வாரம் காலையில் தொலைபேசி. "ஏம்மா, ஓடிவா, செருப்ப அப்புறம் மாட்டிக்கலாம்!" ஓடினேன். குறிப்பேடும் பைபிளும் அருகருகே விரிந்திருந்தன. 655-ஆம் நாளில் விரல். "விடியலில் புதிய மாலுமி ஏறினான். ஓயாமல் அழுகிறான். ஒரு பல்லும் இல்லை. துணை மாலுமி நலம்." வெர்னா விரல் விட்டு எண்ணியிருந்தார்: 1840 பிப்ரவரி 22. பைபிளில் இரண்டாவது பிள்ளை ஒபதையா பிறந்ததும் 1840 பிப்ரவரி 22.

பல்லில்லாத ஐந்து மாலுமிகளின் நாளையும் எண்ணினோம். ஐந்தும் ஐந்து பிள்ளைகள்.

"கெழவன் கடலுக்கே போகலம்மா! கல்யாணத்துக்கப்புறம் எங்கயுமே போகல! வீட்டுக்குள்ள உக்காந்து கப்பல் ஓட்டியிருக்காரு!"

பிறகு எல்லாம் மளமளவென்று அவிழ்ந்தது. ஐந்து மாதப் பனி எங்கள் ஊர்க் குளிர்காலம். "அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது" என்பது ஏப்ரலில் எல்லார் வீட்டு நிலவறையிலும் நடப்பது. வெல்லப்பாகு வாங்கிப்போனது அடுத்த வீட்டுக்காரர்கள். கஞ்சி வேண்டாம் என்று கலகம் செய்தது பிள்ளைகள். துணை மாலுமி வேறு யார், மெஹிட்டபல்தான். வீட்டுக்கு வீடு வாசப்படி. வெர்னா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப அந்தத் திமிங்கிலம்?" என்று கேட்டேன். "பன்னிம்மா! பன்னி!" என்று முந்தானை இல்லாத குறையாகக் கம்பளிச் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பினால் வந்த கண்ணீரை மட்டும் அல்ல. நாற்பது வருட ஊசிகள் சுவரில் இருந்தன.

கூடுகையன்று லைமன் காதில் சொல்லிப் பார்த்தார்: "பசிபிக்கு போயிட்டு நடுநடுவுல லீவுல வந்தாருன்னு சொல்லிடேன்க்கா. கல்லு, மானம் ரெண்டும் தப்பிச்சிரும்." வெர்னா கேட்கவில்லை. நீலச் சட்டையோடு மேடையேறிக் குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தார். பன்றி வந்தபோது மண்டபம் குலுங்கியது. நான்காவது பல்லில்லாத மாலுமி ஏறும்போது பின்வரிசைக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

தலைமை நாற்காலியிலிருந்து ஹோரஸ் கையைத் தூக்கினார். "அப்ப எல்லாருமே அவரு புள்ளைங்கதானா?"

"எல்லாருமேதான். தட்டக் கீழ வச்சுட்டுக் கேளு."

வெர்னா கடைசிப் பக்கத்துக்கு வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "3,204-ஆம் நாள். துணை மாலுமி என் கட்டளையை மீறிப் பசுவை விற்றுவிட்டார். நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். யோசித்துப் பார்த்ததில் அவர் செய்ததே சரி. இதற்கு முந்தைய எல்லாத் தடவையும் அவர் செய்ததே சரி. குறிப்பேட்டை இத்துடன் மூடுகிறேன். இனி கப்பல் அவர் பொறுப்பு. நங்கூரம் பிடித்திருக்கிறது."

முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். ஹோரஸ் மெதுவாக எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார், பலகாரத் தட்டோடு.

பசிபிக்கை அளந்தவரின் கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாரம் கிடந்தது. "என் படகைக் கட்ட ஒரு கல் வேணும்" என்று லைமன் கேட்டு வாங்கிச் சங்கிலி பூட்டித் துறைக்குள் இறக்கிவிட்டார். கேப்டனின் புகழ் இப்போது ஐந்து ஆள் ஆழத்தில் இருக்கிறது. படகு அசையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நீலச் சட்டையும் வாளியுமாக வெர்னா வந்தார். கேப்டனைத் தாண்டிப் போனார். முழங்கால் உயரக் கல்லின் முன் மண்டியிட்டு, நல்ல தண்ணீரில் தூரிகையை முக்கி, "மெஹிட்டபல்" என்பதை ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தார். எழுந்து குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு வாளியைத் தூக்கி, மிச்சமிருந்த கலங்கல் தண்ணீரைக் கேப்டனின் தலையில் ஊற்றினார்.